குளிச்ச தண்ணி வாழைக்கு... குடிக்கிற தண்ணி நமக்கு!

உங்க காலேஜ்ல எல்லாரும் சேர்ந்து போட்ட தோட்டம் இருக்கா? வெண்டை, கத்தரி, நாலு வாழைன்னு பச்சைப்பசேல்னு நிக்குதா? சூப்பர்! ஆனா, மழை ஏமாத்திட்டா அதுக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?

2019 கோடையை ஞாபகப்படுத்திப் பாருங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி தர்ற நாலு ஏரியும் கிட்டத்தட்ட காலி. ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில் ஏறி வந்தது. தெருவே குடத்தோட க்யூவில் நிற்கும்போது, லாரித் தண்ணியை வெண்டைக்குப் பாய்ச்சினா ஏரியா அக்காக்கள் சும்மா விடுவாங்களா? விடக் கூடாது!

உலகம் முழுக்க இதே நியாயம்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான்னு கட்டுப்பாடு வந்தது. குடிநீரைத் தோட்டத்துக்கு விடவே அப்போ தடை இருந்தது.

அப்போ தோட்டம் காய வேண்டியதுதானா? இல்லை பாஸ்! ஒரே ஒரு ரூல் போதும். பஞ்ச காலத்தில் செடிக்குப் போற தண்ணி, ஏற்கெனவே ஒரு வேலையை முடிச்ச தண்ணியா இருக்கணும்.

சின்னதா ஒரு கணக்கு. ஹாஸ்டலில் 100 பேர், ஆளுக்கு ஒரு பக்கெட் குளியல், 15 லிட்டர்னு வெச்சுக்குவோம். தினம் 1,500 லிட்டர் சாக்கடைக்குப் போகுது. ஒரு வாழைக்கு 20 லிட்டர்னாலும், 75 வாழை தாங்கும்!

ஆனா, சில கண்டிஷன்ஸ்:

* குளிச்ச தண்ணியை அன்னிக்கே ஊத்திடுங்க. தேக்கி வெச்சா நாறும், கொசு வரும். வாழை, மரங்களுக்கு மட்டும், அதுவும் வேர்ப்பக்கம். கீரை, கேரட் பக்கம் போகவே கூடாது.

* ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணியில் உப்பு அதிகம். தினமும் ஊத்தினா மண் கெடும். அதைத் தரை துடைக்க வெச்சுக்கங்க.

* லேப் ஏசியில் சொட்டுற தண்ணியில் உப்பு ரொம்பக் குறைவு. பக்கெட் வைங்க.

* செடி பக்கத்தில் மண்பானையைக் கழுத்து வரைக்கும் புதைச்சு, நல்ல தண்ணி ஊத்தி மூடிடுங்க. கசிஞ்சு வேருக்கே போகும். மேலே சருகு மூடாக்கு போட்டா, வெயில் திருடாது.

* 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை விழுந்தா சுமார் 930 லிட்டர். தொட்டி இருந்தா பிடிக்கலாம்.

இவ்வளவும் செஞ்சும் பத்தலைன்னா? எதை விடறதுன்னு முன்னாடியே எல்லாரும் உட்கார்ந்து முடிவு பண்ணிடுங்க. வெண்டையும் கத்தரியும் போனா, விதை எடுத்து வெச்சு அடுத்த மழைக்குப் போட்டுக்கலாம். வளர்ந்த மரம் போனா, நீங்க டிகிரி வாங்கறதுக்குள்ள திரும்ப வராது. அதனால மரத்துக்கு முதல் பக்கெட்.

அந்தப் பக்கெட்டை யார் தூக்கறது? தூக்கறதுக்கு டர்ன் போட்டு, லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டில் இன்னிக்கே ஒட்டிடுங்க. ஏரி நிறைஞ்சிருக்கும்போதே பழகிட்டா, காயும்போது கை தானா பக்கெட்டைத் தேடும்!