சிப் போடுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்

முகூர்த்த மாதம் பிறந்தால் காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் வெளியூர் வண்டிகளுக்கு நிற்க இடம் கிடைக்காது. பட்டு எடுக்க வரும் குடும்பங்களைச் சுமந்து வருபவற்றில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டீசல் டர்போக்கள் நிறைய: ஸ்விஃப்ட், இன்னோவா, ஸ்கார்பியோ. உள்ளே ஏழு பேர், ஏசி வேறு. ஓவர்டேக் எடுக்கப்போனால் பிக்கப் இல்லை, பின்னால் கருப்புப் புகை. உடனே யாராவது, எஞ்சினுக்கு டீசலைக் கூட்டிக் கொடுக்கும் மின்னணுச் சிப்பை யோசனையாகச் சொல்வார்கள்: "ஒரு சிப் போட்டுடுங்க சார், பறக்கும்."

தயவுசெய்து போடாதீர்கள். குறைந்தபட்சம், இப்போதைக்கு வேண்டாம்.

பழைய வண்டி பிக்கப் இழப்பதற்குப் பல சமயம் காரணம் மிகச் சாதாரணமானது. இன்டர்கூலர் ஹோஸ் மடிப்பில் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். ஊரை ஒட்டிய ஓரிக்கையில் பாலாற்று மணல் காற்றோடு கலந்தே வரும். அந்தப் பக்கம் தினமும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஃபில்டரை விட்டுவைக்கக் கூடாது. காற்று குறைந்து டீசல் மிஞ்சினால் கருப்புப் புகைதான் வரும். அந்த நிலையில் சிப் போடுவது இன்னும் கொஞ்சம் டீசலை ஊற்றுவதுதான். புகைபோக்கிச் சூடு ஏறும், பிஸ்டன் தாங்காது, பழைய கிளட்ச் வழுக்கும்.

இதையெல்லாம் ஒரு நல்ல மெக்கானிக் அரை நாளில் பிடித்துவிடுவார். எனக்கு உண்மையில் கவலை தருவது ஆயில்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. பெரும்பாலான வண்டிகளில் அதைத் தாங்க பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. ஒரு விரற்கடை தள்ளி, 700 டிகிரியைத் தாண்டிய புகை டர்பைனில் மோதிக்கொண்டிருக்கும். ஓடும் எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். பேரிங்கில் தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். அந்தக் கரி சேரச் சேர ஆயில் வரும் குழாய் அடைபடும்.

சென்னையிலிருந்து வருபவருக்கு இதில் அவ்வளவு ஆபத்தில்லை. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து வருவதற்குள் டர்போ தானே ஆறிவிடும். உத்திரமேரூர்ப் பக்கமிருந்து வருபவர்தான் கவனிக்க வேண்டும். வேகமாக வந்து பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் ஓரிக்கை. அங்குள்ள மணிமண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அப்புறம் சாவியைத் திருகுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆகும் டீசல் ஒரு டீ செலவுகூட இல்லை.

ஆயிலை எப்போது மாற்றுவது? பல கையேடுகள் 10,000 கிலோமீட்டர் என்கின்றன. புதிய எஞ்சினுக்கு அது சரி. வயதான டர்போவுக்கு 5,000 அல்லது 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை. டாப் அப் செய்துகொண்டே காலம் தள்ளுவது மாற்றியதாகாது. கையேட்டில் சொன்ன கிரேடு, சீல் உடையாத கேன், கண்ணெதிரே ஊற்றுவது: மூன்றும் முக்கியம். காலி கேனில் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள், போலி ஆயிலுக்கு அது பயன்படாமல் போகட்டும்.

டர்போவின் நிலையை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியபின் டர்போ வாயிலுள்ள காற்று ஹோஸைக் கழற்றினால் சின்ன விசிறி தெரியும். நடுவிலுள்ள நட்டை இரு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் இம்மி அசைந்தால் பயமில்லை, ஆயில் படலத்துக்கு அந்த இடம் வேண்டும். முன்னும் பின்னும் அசைவு தெரிந்தாலோ, விசிறி இதழ் சுவரை உரசிய கீறல் இருந்தாலோ, அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. டர்போ உடைந்து ஆயில் காற்றுக் குழாய்க்குள் கொட்டினால், பல டீசல் எஞ்சின்கள் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருகினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியானால் பிரேக்கை முழுக்க அழுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டாப் கியரில் தட்டி கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்தப் பாருங்கள். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கித் தள்ளி நின்றுவிடுங்கள். காற்று வாயைக் கையால் மூடப் போகாதீர்கள்.

பராமரிப்பை மறந்தால் டர்போ நிலைக்காது என்பது பழைய பாடம். 1962-ல் அமெரிக்காவில் வந்த ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். 1963-க்குப் பிறகு அந்தக் கார் வரவில்லை. பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

மறுபடி சிப் விஷயத்துக்கு வருவோம். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி அளந்து, எஞ்சின் கணினியை ரீமேப் செய்தால் ஆபத்தில்லை என்பவர்கள் உண்டு. ஆரோக்கியமான எஞ்சினுக்கு அது பொருந்தலாம். ஆனால் சட்டத்தையும் பாருங்கள். அனுமதியில்லாமல் வண்டியின் அடிப்படை அம்சங்களை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். வேக ஆசை இருந்தால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடமே இருக்கிறது.

டர்போ போய்விட்டதென்று புதிது மாட்டுகிறீர்களா? பழையது ஏன் போனது என்று கேட்காமல் மாட்டவிடாதீர்கள். ஆயில் வரும் குழாயை மாற்ற வேண்டும், திரும்பும் குழாயைக் கழுவ வேண்டும், சம்ப்பை இறக்கிக் கசடை எடுக்க வேண்டும், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்க வேண்டும். புது டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றியபின், டீசல் போகாதபடி நிறுத்திவைத்து, ஆயில் ஏறும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் பழைய கரி புது பேரிங்கில் போய் உட்காரும், சில நாளில் அதே செலவு மறுபடி வரும். எனவே மாட்டும் அன்று வேலைக்கு லீவு போட்டாவது ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நில்லுங்கள்.