பதறாத காரியம் சிதறாது

பெற்றோரின் பணிமாற்றத்தால் புதிய நகரத்திற்கு வந்த மாணவி ஒருத்தி, வகுப்பறையின் முன்னே நிற்கிறாள். தன்னை இந்தியில் அறிமுகப்படுத்திக்கொள்ளுமாறு ஆசிரியர் கூறுகிறார். பெயர், ஊர், முன்பு படித்த பள்ளி ஆகிய அனைத்தும் அவள் அறிந்தவையே. ஆயினும் நா வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நன்கு தெரிந்த சொற்களும் நினைவிற்கு வர மறுக்கின்றன. இந்நிலைக்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. மன அழுத்தமே ஆகும்.

அச்சம் தோன்றும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. அதனால் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. இது நோயன்று, இடரை எதிர்கொள்ள உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே ஆகும். வீணையின் தந்தி தளர்ந்திருந்தால் இசை பிறவாது. அளவுக்கு மீறி முறுக்கினால் தந்தி அறுந்துவிடும். அழுத்தமும் அத்தகையதே. அளவோடு இருப்பின் ஊக்கம் தரும். மிகுந்தால் செயலைக் கெடுக்கும்.

அழுத்தமான வேளையிலும் ஒருவர் தம் முழுத்திறனை வெளிப்படுத்துவது எவ்வாறு என்று ஆராயும் துறை, செயல்திறன் உளவியல் எனப்படும். விளையாட்டு வீரர்களும் இசைக்கலைஞர்களும் இத்துறையின் துணையை நாடுகின்றனர்.

சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சதுரங்க வாகையர் போட்டியில் சீனாவின் டிங் லிரெனை எதிர்கொண்டார். அதற்கு ஆயத்தமானபோது, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மனப்பயிற்சியாளர் பாடி அப்டனின் வழிகாட்டுதலைப் பெற்றார். 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் மனப்பயிற்சி அளித்தவர் அவரே. முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். பதினொன்றாம் ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றவர், பன்னிரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். பதின்மூன்று ஆட்டங்களின் முடிவில் இருவரும் சமநிலையில் இருந்தனர். டிசம்பர் 12 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடி வென்ற குகேஷ், 18 வயதில் உலக வாகையரானார். இரண்டு தோல்விகளும் அவருடைய அடுத்த ஆட்டத்தைக் கெடுக்கவில்லை என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

அன்றாட வாழ்விலும் பின்பற்றத்தக்க வழிகள் சில உள்ளன. முதலாவது, மூச்சைச் சீராக்குதல். மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிட்டால் இதயத்துடிப்பு தணியும். இரண்டாவது, கவனத்தை ஒருமுகப்படுத்துதல். ‘பிறர் நகைப்பரோ, மதிப்பெண் குறையுமோ’ என்னும் எண்ணங்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றைப் பற்றியன. அடுத்துக் கூறவேண்டிய ஒரு தொடரோ, விடையளிக்க வேண்டிய ஒரு வினாவோ நம் கையில் உள்ளது. மூன்றாவது, மெய்யான சூழலை ஒத்த பயிற்சி. மேடையில் பேசவேண்டியவர் தாள் பாராமல், நின்றுகொண்டு, வீட்டினர் முன்னிலையில் பேசிப் பழகவேண்டும். தேர்வு எழுதுபவர் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பழகவேண்டும். நான்காவது, பிழையை ஏற்றுக்கொள்ளுதல். ஒரு சொல் தவறினால் அதனைத் திருத்திக்கொண்டு மேலே செல்லவேண்டும். அதையே நினைந்து வருந்தினால் அடுத்த சொல்லும் தவறும்.

வகுப்பின் முன்னே நின்ற மாணவி ஒருகணம் மூச்சை மெல்ல வெளிவிடுகிறாள். தன் பெயரை மட்டும் முதலில் கூறுகிறாள். பிறகு ஊரைக் கூறுகிறாள். ஓரிடத்தில் இந்திச்சொல் ஒன்று பிழைபடுகிறது, திருத்திக்கொண்டு தொடர்கிறாள். அவளுடைய இதயம் இன்னும் விரைந்தே துடிக்கிறது. எனினும், பேச்சு தடைபடவில்லை. அச்சம் முற்றிலும் நீங்கிய பின்னரே செயல்படவேண்டும் என்பதில்லை. அச்சம் இருக்கும்போதே செயல்பட இயலும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி உணர்த்துவதும் இதுவே.

அருஞ்சொற்பொருள்
ஆயத்தம் – முன்னேற்பாடு
இடர் – துன்பம், ஆபத்து
இயக்குநீர் – ஹார்மோன்
வாகையர் – வெற்றி பெற்றவர்

வினாக்கள்
1. அச்சம் தோன்றும்போது உடலில் ஏற்படும் மாற்றங்கள் யாவை?
2. அழுத்தத்திற்கு வீணையின் தந்தி எவ்வாறு உவமையாகிறது?
3. நீ பதற்றமடைந்த நிகழ்வு ஒன்றை ஐந்து தொடர்களில் எழுதுக.