வாடகைக் காரில் கோலாலம்பூருக்கு: தோட்டத்துப் பள்ளியிலிருந்து கிளம்பும் முன்

மூன்று பிள்ளைகள் மாநில அளவில் வென்றுவிட்டார்கள். அடுத்து கோலாலம்பூர். பள்ளி இருப்பதோ பழைய ரப்பர் தோட்டத்துக்குள், இப்போது சுற்றிலும் செம்பனை. பஸ் உள்ளே வருவதில்லை. மூன்று பேருக்காக ஒரு பஸ் பிடிக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பணம் இல்லை. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "சார், நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு. ஏழு சீட்டு வண்டி. ரேட்டும் கம்மி." கையில் ஒரு போன் நம்பர் வரும். பேராக்கில் சிறிய தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் இது புதிதல்ல. அந்த நம்பருக்கு அழைக்கும் முன் கொஞ்சம் பேசுவோம்.

ஓட்டுநரோடு காரை வாடகைக்கு எடுத்து ஊர்விட்டு ஊர் போவது நமக்குப் பழக்கமான வழக்கம்தான். ஈப்போவில் வெளியூர் டாக்சி நிலையத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பெரிய டீசல் மெர்சிடிஸ் கார்கள் நினைவிருக்கும். நாலு பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும். மூன்று பேர்தான் என்றால் நாலாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது மூவரும் அந்த ஒரு சீட்டுக் காசைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் முழு வண்டியையும் 'சார்ட்டர்' செய்வார்கள். (ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் பின்னமும் வகுத்தலும் நடத்தும்போது இந்த நாலு சீட்டுக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டே கணக்குப் போடுவார்கள்.)

அந்தக் காலத்தில் கோலாலம்பூர் போகிற வண்டி பழைய பெருஞ்சாலையில் தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு பட்டணத்துக்குள்ளும் புகுந்து போகும். வழியில் கையைக் காட்டினால் நிற்கும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின் அந்தப் பட்டணங்கள் ஓரமாகிவிட்டன. 2010 ஆகஸ்ட்டில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இடிஎஸ் மின்ரயில் ஓடத் தொடங்கியது. வெளியூர் டாக்சிக்கு ஆள் குறைந்தது. ஈப்போவின் நெடுந்தூர பஸ் நிலையமும் நகரத்துக்கு வெளியே மேரு ராயாவிலுள்ள அமான்ஜெயாவுக்குப் போய்விட்டது. நகரத்தில் இருப்பவர்களுக்கு வசதி கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து அந்த ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ போய்ச் சேரவே ஒரு வண்டி வேண்டும்.

அதனால்தான் நம்மிடம் 'பிரபெட் சாப்பு' இன்னும் இருக்கிறது. சாப்பு என்றால் மலாயில் பெருக்குவது. வழியில் நிற்கிறவர்களையெல்லாம் கூட்டி அள்ளிப் போகும் கார் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். உரிமம் இல்லாமல் வாடகைக்கு ஓடும் சொந்தக் கார், அவ்வளவுதான். இதைச் சட்டம் பேசும் குரலில் மட்டும் கண்டிக்க என்னால் முடியவில்லை. என் அம்மா பிறந்த தோட்டத்தில் கடைக்காரரிடம் மட்டும்தான் கார் இருந்தது. என் பெரியம்மாவுக்கு நள்ளிரவில் பிரசவ வலி கண்டது. டிரெசர் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிருக்க முடியாது, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். லயத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் அந்தக் காரில்தான் ஏற்றினார்கள். எந்த டாக்சியும் அந்த நேரத்தில் செம்மண் சாலையில் உள்ளே வந்திருக்காது. கடைக்காரரிடம் என்ன லைசென்ஸ் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன்.

ஆனால் அன்று அந்தக் காருக்கு மாற்று இல்லை. இன்று போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாற்று இருக்கிறது. அதோடு, அவர்கள் நம் பிள்ளைகள் இல்லை. கையெழுத்துப் போட்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள்.

பலர் கவனிக்காத விஷயம் காப்புறுதி. சொந்தக் காருக்கு எடுக்கும் காப்புறுதி சொந்தப் பயன்பாட்டுக்கு எழுதப்பட்டது. கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது அதில் சேராது. தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் அது உண்டு. வழியில் விபத்து என்றால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி, அந்த நேரத்தில் வண்டி எதற்காக ஓடியது என்பதுதான். "தெரிஞ்சவர்தான், பெட்ரோல் காசு மட்டும் குடுத்தோம்" என்று நாம் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் பேசிய ரேட்டு வேறு கதை சொல்லும். காயம்பட்ட பிள்ளையின் அப்பா நஷ்ட ஈடு கேட்டு வந்தால், ஓட்டுநரிடம் அந்தக் காரைத் தவிர வேறு சொத்து இருக்காது.

செயலிவழி வண்டிகளிலும் இதே பொறி இருக்கிறது. 2019-இலிருந்து இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு பிஎஸ்வி உரிமம் வேண்டும், வண்டிக்கு அனுமதி வேண்டும், இ-ஹெய்லிங் காப்புறுதியும் வேண்டும். கண்ணாடியில் அதற்கான ஒட்டு இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் என்று செயலியில் போட்டால், சில ஓட்டுநர்கள் போன் செய்து, "அண்ணே, கேன்சல் பண்ணிடுங்க, நேரா பேசிக்கலாம்" என்பார்கள். நமக்கும் சில வெள்ளி மிச்சமாகும் போலத் தெரியும். செய்யாதீர்கள். அந்த அனுமதி செயலி வழியாகப் பதிவான பயணத்துக்குத்தான். கேன்சல் செய்த நொடியில் அதே கார், அதே ஓட்டுநர், அதே ஒட்டு, ஆனால் ஓடுவது பிரபெட் சாப்பு.

சரி, எப்படிப் பார்ப்பது? டாக்சி, வாடகைக் கார் என்றால் எண் பலகை 'எச்' எழுத்தில் தொடங்கும். பேராக் வண்டி 'எச்ஏ'. சாதாரணப் பேராக் சொந்தக் கார் 'ஏ' எழுத்தில் தொடங்கும். சுற்றுலா நிறுவனம் ஓட்டுநரோடு வேன் தருகிறது என்றால் நிறுவனத்தின் உரிமத்தையும் அந்த வண்டியின் அனுமதியையும் கேளுங்கள். ஓட்டுநர் உரிமம் இப்போது மைஜேபிஜே செயலியிலேயே தெரியும். காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் கோபப்பட மாட்டார். பள்ளி வேன்காரர் "நானே கொண்டு போறேன் டீச்சர்" என்று சொன்னாலும், அவருடைய அனுமதி வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான ஓட்டத்துக்கா, வெளியூருக்கும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். இந்த அனுமதிகளைப் பார்க்கும் அரசு அமைப்பு அபாட். முன்பு ஸ்பாட் என்று இருந்தது.

கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சுமார் 205 கிலோமீட்டர். ஓட்டுநருக்கு அது 410, ஏனென்றால் திரும்பி வரும்போது காலி வண்டி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டர் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் எரிபொருள் மட்டும் 68 ரிங்கிட்டுக்கு மேல். அதன் மேல் இரு பக்க டோல், அவருடைய ஒரு நாள் கூலி, வண்டித் தேய்மானம். நாம் போட்டி முடியும்வரை காத்திருக்கச் சொன்னால் அதற்கும் காசு உண்டு. காத்திருப்புக் கட்டணம், டோல், ஓட்டுநரின் சாப்பாடு எல்லாம் சேர்த்தா, தனியா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வராத ஒரு ரேட்டை ஒருவர் சொன்னால், அவர் எதையோ விட்டுவிட்டார். பெரும்பாலும் விட்டது காப்புறுதியாக இருக்கும், இல்லாவிட்டால் தூக்கமாக இருக்கும்.

தூக்கம் என்று சும்மா சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இன்னொரு ஆசிரியையும் நாலு பிள்ளைகளோடு விடியற்காலையில் கிளம்பினோம். வண்டி முறையானது, தாள்கள் எல்லாம் சரி. கோப்பெங் தாண்டியதும் கார் கோட்டை மிதித்து மிதித்துத் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தேன், ஓட்டுநரின் கண் சொருகுகிறது. "அண்ணே, நேத்து ராத்திரி எங்க ஓட்டுனீங்க?" என்று கேட்டேன். ஜோகூருக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தாராம். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னோம். அவர் சண்டை போடவில்லை. சீட்டைச் சாய்த்து அங்கேயே தூங்கிவிட்டார். பாவம், பாதித் தூரக் காசு கொடுத்தோம். வேறு வண்டி வரும்வரை பிள்ளைகள் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டு மனனக் கவிதையை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். போட்டிக்குத் தாமதமாகத்தான் போனோம். ஏற்பாட்டாளர்கள் நம்மைக் கடைசி எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து உரிமத்துக்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி அதுதான், முந்தின இரவு வண்டி எங்கே இருந்தது என்று. பின்சீட்டிலும் எல்லாரும் பெல்ட் போட்டபிறகுதான் வண்டி நகர வேண்டும். 2009-இலிருந்து அது சட்டம், ஆனாலும் நம் ஆட்கள் மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகும் வழி மூன்றையும் பெற்றோர் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் கோப்பிலும் அதே எண் இருக்கட்டும். கடைசி நேரத்தில் வேறு வண்டி வந்தால் புதிய எண்ணைப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இன்னொன்று. நம் பள்ளிகள் பல இன்னும் தோட்டத்தின் பெயரில்தான் இருக்கின்றன. தோட்டமோ கைமாறி, பெயர் மாறி, பாதி வீடமைப்பாகிவிட்டது. போன் வரைபடம் பார்த்து வரும் ஈப்போ ஓட்டுநர் செம்பனை ஆலை வாசலில் போய் நிற்பார். இருட்டில் கிளம்புகிற நாளில், பெரிய சாலை முச்சந்தியில் மோட்டார் சைக்கிளோடு ஓர் அப்பாவை நிற்கச் சொல்லுங்கள். வண்டியை அவரே முன்னால் போய்க் கூட்டிவந்துவிடுவார்.