ஒன்றரை மார்க்கின் எடை

வட்டக்கானல் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த தம்பி பி.எஸ்சி. கணிதம் முடித்தவர். கல்லாவுக்குப் பின்னால் சமச்சீர் புத்தகங்கள் மலை ஈரம் வாங்கி உப்பிக் கிடந்தன. "ஒன்றரை மார்க்ல போச்சுண்ணே" என்றார். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் ஒன்றரை மார்க் என்பது ஒரே ஒரு கேள்வி.

2024 ஜூன் 9-ல் நடந்த குரூப் 4-க்கு 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள். அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. பத்தாவது தேறினால் போதும் என்ற வேலைக்குத்தான் பொறியியல் பட்டதாரிகளும் வரிசையில் நிற்கிறார்கள். எழுதியவர்கள் 15 லட்சத்துக்கு மேல். கேள்விகள் 200. சரியான விடைகளின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து 200 வரை ஏதோ ஓர் எண். ஆக மொத்தம் 201 பெட்டிகள். 15 லட்சம் பேரைச் சமமாகப் பங்கிட்டாலே பெட்டிக்கு ஏழாயிரத்துக்கு மேல் வரும். அறிவித்த இடம் அத்தனையையும் ஒரே பெட்டி விழுங்கிவிடும்! நிஜத்தில் கூட்டம் நடுவில் குவிந்து, மேலே போகப் போக மெலியும். என்றாலும் கட் ஆஃப் ஓரத்தில் ஒரே மார்க்கில் ஒரு கும்பலே நிற்கும்.

சரி, அந்த ஒரு கேள்வி அறிவைத்தான் அளக்கிறதா? தவறான விடைக்கு மார்க் பிடித்தம் இல்லை. 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் இருக்கிறது. அதை ஷேடு பண்ண யாருக்கு மனம் வரும்? இருபது கேள்வி தெரியாதவர் நான்கு விடைகளில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டால் சராசரியாக ஐந்து சரியாகும். ஆனால் ஐந்தேதான் சரியாகும் என்பதில்லை. இப்படிப் போடும் ஐந்து பேரில் நான்கு பேருக்கு மூன்று முதல் ஏழு வரை விழும். பத்தில் ஒருவருக்கு எட்டோ அதற்கு மேலோ. மூன்று விழுந்தவருக்கும் ஏழு விழுந்தவருக்கும் படிப்பு ஒன்றுதான். இடைவெளி ஆறு மார்க். பத்துப் பேர் எழுதினால் இது பெரிய விஷயமில்லை. லட்சக்கணக்கானோர் எழுதும்போது, கிட்டத்தட்ட சமமாகப் படித்தவர்களே மேலே நெருக்கியடிக்கிறார்கள். அவர்களைப் பிரிக்கும் வேலை அதிர்ஷ்டத்தின் கைக்குப் போய்விடுகிறது. கூட்டம் பெருகினால் திறமை இன்னும் துல்லியமாகத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரே அளவை நம்பாத கதை ஒன்றும் இதே மலையில் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலையில் கோடுகள் மயிரிழை விலகியிருப்பதைப் பார்த்தார். வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்பதற்கு அது அடையாளம். கருவியின் பிழையாகவும் இருக்கலாமே? புள்ளியின் ஒரு பக்கம் கோடு ஒரு திசையில் விலகினால், மறுபக்கம் எதிர்த்திசையில் விலக வேண்டும், விலகியது. வேறு வேறு புள்ளிகளையும் படமெடுத்து ஒப்பிட்டார். சூரியனுக்கு அத்தனை முறை அளவெடுத்தார்கள். தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம்.

இந்தக் கணக்கை எல்லாம் டிஷ்யூ பேப்பரில் போட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர், "பைனாமியல்தானேண்ணே? செகண்ட் இயர்ல வந்துச்சு" என்றார். "தெரியாத இருபதுக்கும் சி-யே ஷேடு பண்ணேன். நாலுதான் விழுந்துச்சு."

வெளியே யாரோ இரண்டு இஞ்சி டீ கேட்டார்கள்.