கடைக்கு ஏற்ற கருவி எது? பேஸ்புக்கா, வட்ஸ்அப்பா, குறுஞ்செய்தியா?

பதுளையிலிருந்து பசறை ஊடாக பிபிலை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள லுணுகலை போன்ற ஒரு நகரத்தில் கடை நடத்துபவருக்கு இன்று ஆலோசனைக்குக் குறைவில்லை. "பேஸ்புக்கில் பேஜ் ஒன்று போடுங்கள்" என்கிறார் ஒருவர். "டிக்டொக்கில் வீடியோ போட்டால் கொழும்பிலிருந்தே ஆட்கள் தேடி வருவார்கள்" என்கிறார் மற்றவர். இணையத்தளம் செய்து தருகிறேன், ஒரே தடவையில் பத்தாயிரம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தருகிறேன் என்று கட்டணப் பட்டியலோடு வருபவர்களும் உண்டு. இவை எல்லாமே வேலை செய்யும் கருவிகள்தான். ஆனால் புடவைக் கடைக்குப் பொருந்துவது ஹார்ட்வெயார் கடைக்குப் பொருந்துமா, வெள்ளவத்தையில் பலிப்பது லுணுகலையில் பலிக்குமா என்ற கேள்விகளை விற்க வருபவர் கேட்க மாட்டார். காசு கொடுக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.

வாடிக்கையாளர் கையில் என்ன போன்?

எமது பிரதேசத்தின் வியாபாரம் தோட்டத்துச் சம்பளத்தோடு பிணைந்தது. மாதத்தின் பத்தாம் திகதியளவில் சம்பளம் கைக்கு வரும்போது கடைத்தெரு நிறைகிறது. இருபதாம் திகதிக்குப் பிறகு கடன் கொப்பிதான் நிறைகிறது. அந்த வீட்டில் மகனிடம் ஸ்மார்ட் போன் இருக்கலாம், ஆனால் சேலையையும் அரிசியையும் தீர்மானிக்கின்ற தாயிடம் இருப்பது பட்டன் போன். மலைச் சரிவில் ஒரு திருப்பத்தில் இருக்கும் சிக்னல் அடுத்த திருப்பத்தில் இருக்காது. டேட்டா முடிந்தால் அடுத்த ரீலோட் வரைக்கும் வட்ஸ்அப் மௌனம்தான். பிபிலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்களோ சிங்களத்தில் வாசிப்பவர்கள். இவர்களைத் தவிர, மட்டக்களப்புப் பக்கம் போகும் வழியில் வாகனத்தை நிறுத்தித் தேநீரும் டயரும் தேடுகின்ற பயணிகளும் இருக்கிறார்கள்.

ஆகவே எந்தக் கருவிக்கும் காசு கட்டுவதற்கு முன்னர், காசுப் பெட்டிக்கு அருகில் ஒரு கொப்பியை வையுங்கள். ஒரு மாத காலத்துக்கு, விருப்பத்தோடு தருபவர்களிடம் மட்டும் பெயர், ஊர் அல்லது தோட்டம், தொலைபேசி இலக்கம், வட்ஸ்அப் உண்டா இல்லையா, எந்த மொழியில் வாசிப்பார் என்ற ஐந்து விபரங்களை எழுதிக்கொள்ளுங்கள். "புதுச் சாமான் வந்தால் சொல்லட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். மாத முடிவில் அந்தக் கொப்பியே உங்களுக்கு ஏற்ற கருவி எதுவென்று சொல்லிவிடும். அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு, அதைப் பின்னர் பார்ப்போம்.

அழைப்பும் ஒரு கருவிதான்

கையடக்கத் தொலைபேசி வந்தபோது வியாபாரத்தில் முதலில் மாற்றத்தைக் கொண்டுவந்தது விளம்பரமல்ல, சாதாரணமான ஓர் அழைப்பு. கேரளாவில் 1997 முதல் 2001 வரையில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரையோரங்களுக்கு அலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. கடலிலிருந்தபடியே எந்தத் துறையில் நல்ல விலை என்று கேட்டறிந்து மீனவர்கள் படகைத் திருப்பினார்கள். மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியதாகவும், வாங்குபவருக்கான விலை 4 வீதம் குறைந்ததாகவும் பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. எமது நாட்டிலும் தம்புள்ளைச் சந்தை விலைகளைச் சாதாரண போனுக்கே தருகின்ற 'டிரேட்நெட்' சேவையை டயலொக் நிறுவனம் 2009இல் ஆரம்பித்தது. ஸ்மார்ட் போன் கிராமத்துக்கு வராத காலம் அது.

"மொதலாளி, அந்த சாமான் வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரின் இலக்கத்தை எழுதி வைத்து, சாமான் வந்த அன்றே ஓர் அழைப்பு எடுப்பதை விடச் சிறந்த விளம்பரத்தை நான் காணவில்லை. ஹார்ட்வெயார், விவசாய உபகரணம், தளபாடம் போன்ற பெரிய தொகை வியாபாரங்களுக்கு இதுவே முதலிடத்தில் இருக்க வேண்டும்.

குறுஞ்செய்தியில் மறைந்திருக்கும் கணக்கு

குறுஞ்செய்திக்கு டேட்டா தேவையில்லை, பட்டன் போனுக்கும் போகும். சம்பளத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் மாலை நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பலன் உண்டு. கொழுந்து பறிக்கும் நேரத்தில் வரும் செய்தியை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் மொத்தக் குறுஞ்செய்திச் சேவை வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70 மட்டுமே. அதிலும் 'க' ஒன்றாகவும், 'கு', 'க்', 'கை' போன்றவை இரண்டாகவும் எண்ணப்படும். "புதுச் சேலை வந்துள்ளது." என்ற செய்தியில் நம் கண்ணுக்குத் தெரிவது 11 எழுத்துகள். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்துக் கணினி எண்ணுவது 23. செய்தி 70ஐத் தாண்டினால் அது துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, துண்டுக்கு 67 என்ற கணக்கில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் விழும். ஆயிரம் பேருக்கு அனுப்பும் நீண்ட தமிழ்ச் செய்திக்கு மூவாயிரம் செய்திகளின் பில் வருவது இப்படித்தான். விலை பேசும்போது "ஒரு செய்திக்கு எவ்வளவு?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், நீங்கள் அனுப்பப்போகும் செய்தியையே எழுதிக் காட்டி "இதற்கு எத்தனை துண்டு?" என்று கேளுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் செலவு குறையும், இளைஞர்கள் வாசித்தும் விடுவார்கள். வயதானவர்களுக்கு அது விளங்காது. சில பழைய போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அனுப்புநர் இடத்தில் கடையின் பெயர் வருமாறு செய்தால் பார்வைக்கு அழகுதான், ஆனால் அந்தச் செய்திக்கு வாடிக்கையாளர் பதில் அனுப்ப முடியாது. ஆகவே கடையின் இலக்கத்தைச் செய்திக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

வட்ஸ்அப்: இலவசம், ஆனால் எச்சரிக்கையோடு

புடவை, பாதணி, பாத்திரம், கேக் என்று கண்ணால் பார்த்து வாங்கும் பொருட்களுக்கு வட்ஸ்அப்பே பொருத்தமானது. சாதாரண வட்ஸ்அப்புக்குப் பதிலாக, 2018இல் அறிமுகமான 'வட்ஸ்அப் பிஸ்னஸ்' செயலியைப் பயன்படுத்துங்கள். அதுவும் இலவசம். பொருட்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம், கடை மூடியிருக்கும்போது தானாகப் பதில் போகச் செய்யலாம். கடையின் 055 தரைவழி இலக்கத்தைக் கூட இதில் பதிவு செய்யலாம். உறுதிப்படுத்தும் குறியீடு அழைப்பாக வரும்.

பலர் கடைக்கென்று ஒரு குழுமத்தை ஆரம்பித்து, கண்ட இலக்கங்களையெல்லாம் அதில் சேர்த்து விடுகிறார்கள். இது தவறு. குழுமத்திலுள்ள ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். புடவை வாங்க வந்த ஒரு சகோதரியின் இலக்கம் முன்பின் தெரியாத நூறு பேர் கையில் போவதை அவருடைய குடும்பம் விரும்புமா? அறிமுகமில்லாதவரிடமிருந்து இரவில் ஒரு செய்தி வந்தால், அவர் அடுத்த பெருநாளைக்கு உங்கள் கடைக்கு வரமாட்டார். 'பிரோட்காஸ்ட் லிஸ்ட்' என்ற வசதியில் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, அவர் உங்கள் இலக்கத்தைத் தமது போனில் சேமித்திருக்க வேண்டும். பில்லோடு இலக்கம் அச்சிட்ட ஒரு சிறு அட்டையைக் கொடுத்து, "சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும்.

கடன் பாக்கியை நினைவூட்டுவதாயின் தனிப்பட்ட அழைப்பில் மட்டும் பேசுங்கள். குழுமத்தில் பெயர் போட்டுக் கேட்ட கடன் ஒருவேளை திரும்பி வரலாம், ஆள் திரும்பி வரமாட்டார்.

பேஸ்புக்கும் மற்றவையும்

பேஸ்புக்கில் சொந்தக் கணக்கை வைத்து வியாபாரம் செய்ய வேண்டாம். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது; பேஜுக்கு அந்த வரையறை இல்லை. காசு கட்டி 'பூஸ்ட்' செய்யும்போது எந்தப் பகுதியினருக்கு, எந்த வயதினருக்கு, எந்த மொழியினருக்கு என்று தெரிவு செய்யும் வசதி உண்டு. அதைத் தெரிவு செய்யாமல் விட்டால் லுணுகலைக் கடையின் அரிசி விலையை நீர்கொழும்பில் இருப்பவர் பார்த்து 'லைக்' போடுவார். லைக்கை வங்கியில் வைப்பிலிட முடியாது! சிங்களத்தில் விளம்பரம் போடுவதாயின் எழுத்துப் பிழை இல்லாமல் ஒருவரிடம் காட்டி வாங்குங்கள்.

இந்த விளம்பரத்துக்கு டொலரில் விலை வைக்கப்பட்டால், ரூபா வீழும்போது செலவு ஏறும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது.

கணக்கு இப்படிப் பாருங்கள். ஒரு பூஸ்டுக்கு 6,000 ரூபா செலவு, ஓர் உடுப்பில் உங்களுக்கு மிஞ்சுவது 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்த விளம்பரத்தால் மட்டும் 12 உடுப்புகள் விற்றால்தான் போட்ட காசு திரும்பும், பதின்மூன்றாவதில்தான் இலாபம். வருபவரிடம் "எங்கே கண்டு வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு கோடு போட்டு வைக்காவிட்டால் இது ஒருபோதும் தெரியவராது.

உணவகம், தங்குமிடம், டயர் கடை, மருந்தகம் நடத்துபவர்கள் பேஸ்புக்குக்கு முன்னர் கூகுள் வரைபடத்தில் தமது கடையைப் பதிய வேண்டும். இலவசம்தான். திறக்கும் நேரத்தையும் இலக்கத்தையும் சரியாகப் போட்டால் வழிப்பயணி தேடி வருவார். டிக்டொக், பேசத் தெரிந்த இளைஞர் கடையில் இருந்தால் செய்து பார்க்கலாம். இணையத்தளம், மிளகு, கராம்பு, தேயிலை போன்றவற்றை வெளியூர்களுக்கு மொத்தமாக விற்பவருக்குப் பயன்படும். சில்லறைக் கடைக்கு இப்போதைக்கு அவசியமில்லை என்பதே என் கருத்து.

வாடகை நிலத்தில் கட்டிய கடை

2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை நாடு முழுவதும் ஒரு வாரம் அளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் மீண்டும் ஒன்பது நாட்கள் அளவில் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு தடவை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எந்த அரசாங்கமும் தடுக்காமலேயே, நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலம் அளவில் நின்றுபோயின. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்ட நாட்களிலும் அழைப்பும் குறுஞ்செய்தியும் வேலை செய்தன. கொப்பியில் இலக்கம் வைத்திருந்தவரால் வாடிக்கையாளரோடு பேச முடிந்தது. பேஜில் மட்டும் வாடிக்கையாளரை வைத்திருந்தவருக்கு ஒருவருடைய இலக்கமும் தெரியாது. மேலே சொன்ன பெரிய பயன் இதுதான். பேஜும் குழுமமும் இன்னொருவருடைய நிலம், இலக்கப் பட்டியல் உங்களுடையது. அதற்கு ஒரு பிரதி எடுத்து வீட்டிலும் வையுங்கள்.

உரிமை விடயத்தில் இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேஜை ஆரம்பித்தது மருமகனின் கணக்கில், வட்ஸ்அப் இருப்பது வேலை செய்யும் பையனின் சிம்மில் என்றால், ஒருவர் கட்டாருக்கும் மற்றவர் பக்கத்துக் கடைக்கும் போகும்போது உங்கள் வாடிக்கையாளரும் கூடவே போய்விடுவார்கள். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், பேஜின் முழுக் கட்டுப்பாடும் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். வட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டக் கடவு இலக்கத்தைப் போட்டு வையுங்கள். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், தெரிந்தவரின் பெயரிலிருந்தே கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

சேர்த்த இலக்கங்களை மற்றக் கடைக்காரருக்குக் கொடுப்பதோ விற்பதோ கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரச் செய்திகளைப் பற்றித் தனியான பகுதியே உண்டு. சம்மதம் பெற்றே அனுப்ப வேண்டும், வேண்டாம் என்பவர் செலவின்றி நிறுத்திக்கொள்ள வழியிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டாலும், இப்போதே அப்படிப் பழகிக்கொள்வது நல்லது. "வேண்டாம்" என்று சொன்னவரின் பெயரைக் கொப்பியில் அன்றே வெட்டிவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் ஓர்டர் எடுக்கத் தொடங்கியதும், காசு அனுப்பியதற்கான ஸ்லிப்பின் படமும் வட்ஸ்அப்பிலேயே வரும். படத்தை மாற்றி அமைப்பது இன்று சிறுபிள்ளை வேலை. வங்கிக் கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பார்சலை பஸ்ஸில் ஏற்றுங்கள்.