சிவப்புச் சட்டமும் ராயவரத்துக்காரரும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கம் உள்ள ஊர் ராயவரம். 1912இல் அங்கே பிறந்த வை. கோவிந்தன் சென்னைக்குப் போய்ப் பதிப்பாளரானார். 1939இல் ‘சக்தி’ மாத இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழின் அமைப்பை. தொடர்கதைக்காகவும் சிரிப்புத் துணுக்குக்காகவும் பத்திரிகை வாங்கிய காலம் அது. உலக நடப்பைத் தேடிப் படிக்கிற தமிழ் வாசகர்களும் இருக்கிறார்கள் என்று நம்பிக் காசைப் போட்டார் அந்தச் செட்டிநாட்டுக்காரர். தி.ஜ.ர., கு. அழகிரிசாமி, தொ.மு.சி. ரகுநாதன் போன்றவர்கள் அதில் வேலை பார்த்தார்கள். தமிழ் இதழியலில் நான் மிக மதிக்கும் துணிச்சல்களில் அது ஒன்று.

ராயவரத்துக்காரர் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ‘டைம்’ இதழில் என்ன இருந்தது? அதன் அட்டையைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 1923 மார்ச்சில் வந்த முதல் இதழின் அட்டையில் ஒரே ஒரு முகம்: ஜோசப் கேனன் என்ற அரசியல்வாதி, கரிக்கோட்டு ஓவியமாக. 1927இல் அட்டையைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் வந்தது. இதழுக்கு இதழ் முகம் மாறும். சட்டமும் பெயரும் அவை இருக்கும் இடமும் மாறா. பத்தடி தள்ளி நிற்பவர்கூடப் பெயரைப் படிக்காமலே இதழை அடையாளம் கண்டுகொள்வார்.

மாறாத ஒன்று கையில் இருப்பதில் இன்னொரு பலனும் உண்டு: அதை மாற்றினாலே அது செய்தியாகிவிடும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து வந்த சிறப்பிதழில் ‘டைம்’ சிவப்பை எடுத்துவிட்டுக் கறுப்புச் சட்டம் போட்டது. துக்கத்தைச் சொல்ல வேறு சொல் தேவைப்படவில்லை.

இனி முகத்துக்கு வருவோம். நாளிதழ் நேற்று நடந்ததை இன்று சொல்லிவிடுகிறது. வார இதழ் கடைக்கு வரும்போது அந்தச் செய்தியும் அதன் புகைப்படமும் பழசாகியிருக்கும். ஆகவே என்ன நடந்தது என்று சொல்லும் வேலை வார இதழின் அட்டைக்குக் கிடையாது. நடந்ததற்கு என்ன பொருள் என்று அது சொல்ல வேண்டும். ‘டைம்’ நெடுங்காலம் ஓவியர்களை நம்பியிருந்ததில் இந்த நியாயம் இருக்கிறது. போரிஸ் ஷாலியாபின் என்ற ஓவியர் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட அட்டைகள் வரைந்தார். 1945 மே மாத இதழ் ஒன்றில் ஹிட்லரின் முகமும் அதன் குறுக்கே சிவப்புப் பெருக்கல் குறியும் வந்தன. அந்தப் படத்துக்குத் தலைப்பே வேண்டியிருக்கவில்லை.

சில அட்டைகளில் தலைவரின் தலை இதழின் பெயர்மேல் ஏறி ஓரிரு எழுத்துகளை மறைத்திருக்கும். அது தெரிந்தே செய்வது. மீதி எழுத்தைப் பார்த்தே வாசகர் பெயரைக் கண்டுபிடிப்பார் என்ற தெம்பு உள்ள இதழ்தான் அப்படிச் செய்யும். புதிதாக வந்த இதழ் செய்தால் பெயரே போய்விடும்.

ஒரே முகத்தோடு நிற்கும் ‘டைம்’ அட்டையின் அடக்கத்துக்குப் பொருளாதாரமும் ஒரு காரணம். வசதியும் படிப்பும் உள்ள வாசகர் பெரும்பாலும் சந்தா கட்டிவிடுவார். இதழ் தபாலில் வீடு வந்து சேரும். அவரைக் கடைவாசலில் கூவி அழைக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட வாசகரைத் தேடி வரும் விளம்பரதாரர் பின்னட்டைக்கு நல்ல விலை தருவார். முன்னட்டை அமைதியாக இருக்கலாம்.

நம் பேருந்து நிலையக் கடைகளில் நிலைமை வேறு. இதழ்கள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். அல்லது ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, தலைப்பகுதி மட்டும் தெரியும்படி அடுக்கியிருக்கும். பெயர் அட்டையின் உச்சியிலேயே இருப்பது அதனால்தான். அரசியல் வாரமிருமுறை இதழ்களோ அட்டையோடு நிற்பதில்லை. தலைப்புகளை மலிவுத் தாளில் பெரிய எழுத்தில் போஸ்டராக அச்சடித்துக் கடைமுன் தொங்கவிடுகின்றன. அட்டையிலும் நாலு முகம், ஐந்து தலைப்பு. அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். பஸ் கிளம்புமுன் ஒருவரை நிறுத்தியாக வேண்டிய வேலை அது.

தமிழில் அட்டை அமைப்பவருக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. நம் எழுத்துகள் மேலே கொக்கி போடும், கீழே சுழிக்கும். ‘கீ’யும் ‘கூ’வும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியைக் கூட்டினால் படத்துக்கு இடம் குறையும். சொற்களும் ஒட்டு ஏறி நீள்பவை. ஆகவே நல்ல தமிழ் அட்டைத் தலைப்பு மூன்று நான்கு சொற்களில் முடிந்துவிட வேண்டும். அதை எழுத ஆசிரியர் கட்டுரைக்குச் செலவிட்ட அளவு நேரம் செலவிட வேண்டியிருக்கும்.

அட்டையின் பலம் சட்டமன்றத்தையே அசைத்த கதை நம்மிடம் உண்டு. 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்யும் ஜோக் ஒன்று வந்தது. உள்ளே இருந்த எந்தக் கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பில்லை; அட்டையில் ஜோக் போடுவது விகடனின் நெடுநாள் வழக்கம். உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு அவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் விடுதலையானார். கைது செல்லாது என்று பிறகு தீர்ப்பு வந்து, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. அதே ஜோக் உள்பக்க மூலையில் வந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பழைய தமிழ் இதழ்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகம் இருக்கிறது. ஆனால் வீடுகளில் நாம் சேர்த்துவைத்த இதழ்களில் முதலில் தொலைந்தது அட்டைதான். தொடர்கதையைப் பிரித்துப் பைண்டு செய்யும்போது ராப்பரைக் கிழித்து எறிவது வழக்கமாக இருந்தது. பரணில் பழைய இதழ்க்கட்டு வைத்திருப்பவர்கள் இனி பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது அட்டையையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.