புளியோதரை தாங்குது, தேங்காய் சட்னி ஏன் தாங்கல? குடும்பத்தோடு ரயில் ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய கட்டுச்சாதக் கணக்கு

லீவுக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆன அன்றே பல வீடுகளில் அடுத்த கேள்வி வந்துவிடும். "ட்ரெயின்ல சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

சென்னையில் இருந்து திருநெல்வேலி என்றால் ஏறத்தாழ 650 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். டெல்லி என்றால் ஒன்றரை நாள். கன்னியாகுமரியில் இருந்து அசாமின் திப்ரூகர் வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று நாளைத் தாண்டிவிடும். வழியில் வாங்கிச் சாப்பிடலாம்தான். இப்போது பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் இருக்கைக்கே சாப்பாடு வரும் வசதியும் இருக்கு. ஆனாலும் சின்னக் குழந்தை, சர்க்கரை நோய் உள்ள தாத்தா, சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டி என்று மூன்று பேருக்கும் ஒத்துப்போற உணவு பிளாட்பாரத்தில் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புபவர்கள் குறைவு.

அதனால் வீட்டுச் சாப்பாடு. அதற்காக விடியற்காலை 4 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது பெரும்பாலும் வீட்டில் ஒரே ஆள்.

கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு கெடக் கூடாது, அதைச் செய்பவர் தூக்கமும் கெடக் கூடாது. இந்த இரண்டுக்குமான வழி நம்ம ஊர் கட்டுச்சாதத்திலேயே இருக்கு.

கட்டுச்சாதம் புதுசா என்ன?

திருச்சி பக்கத்துத் திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடு நடந்து வந்த அப்பருக்கு, சிவபெருமானே பொதிசோறு கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை போகும்போதும், காணும் பொங்கலுக்கு வெளியே கிளம்பும்போதும் தூக்குச்சட்டியில் போவது கலந்த சாதங்கள்தான். சில சமூகங்களின் கல்யாணங்களில் சம்பந்தி வீட்டார் ஊர் திரும்பும்போது கையில் கொடுத்து அனுப்பும் 'கட்டுசாதக் கூடை' இன்றைக்கும் இருக்கு.

இந்த எல்லா இடத்திலும் புளியோதரை இருக்கும். சாம்பார் சாதம் பெரும்பாலும் இருக்காது. காரணம் ருசி மட்டும் இல்லை.

புளியோதரை தாங்குவது எப்படி?

உணவைக் கெடுக்கும் கிருமிகளுக்கு ஈரமும் மிதமான சூடும் வேணும். புளிப்பு அதிகமானால் அவற்றில் பல வளர முடியாது. புளியோதரை இந்த இடத்தில்தான் கை கொடுக்குது.

புளியில் டார்டாரிக் அமிலம் அதிகம். உணவு அறிவியலில் pH அளவு 4.6 என்பது ஒரு முக்கியமான கோடு. அதற்குக் கீழே, அதாவது புளிப்பு கூடக்கூட, ஆபத்தான கிருமிகள் பலவற்றுக்கு வளர்ச்சி நின்றுவிடும் அல்லது மிகவும் மெதுவாகிவிடும். அடுத்தது, புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை கொதிக்க விடுவது. அந்த நேரத்தில் தண்ணீர் வற்றிப்போகுது. கிருமி பயன்படுத்திக்கொள்ள ஈரம் குறைகிறது. கூடவே சேரும் உப்பும் இதற்கு உதவும். நல்லெண்ணெய்க்கும் ஒரு வேலை உண்டு. அதில் இயற்கையாகவே உள்ள சில பொருட்கள், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். இந்தப் பாதுகாப்பு எல்லாம் கெட்டியான புளிக்காய்ச்சலைத் தாராளமாகப் பிசைந்த சாதத்துக்குத்தான். "குழந்தைக்குப் புளிப்பு ஆகாது" என்று கடமைக்கு ரெண்டு ஸ்பூன் மட்டும் கலந்தால், அது ஏறக்குறைய வெறும் சாதம். வெறும் சாதத்தை நம்பி நாள் முழுக்க வைத்திருக்க முடியாது.

எலுமிச்சை சாதத்திலும் அமிலம் உண்டு. ஆனால் சாற்றை அடுப்பில் வற்ற விடுவதில்லை, ஈரம் அப்படியே இருக்கும். காலையில் செய்தால் மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. தேங்காய் சாதம் அதைவிடச் சீக்கிரம். துருவிய தேங்காயில் ஈரம், கொழுப்பு, இனிப்பு மூன்றும் இருக்கு, புளிப்பு கிடையாது. கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. தேங்காய் சட்னி மதியத்துக்குள் ஊசிப்போவதும் இதனால்தான். இட்லிக்கு மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி அடுக்குவது, சட்னி இல்லாத குறைக்குச் செய்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். பயணத்துக்கு அதுதான் சரியான ஜோடி.

தயிர் சாதத்துக்குப் பாட்டிகள் வேறு கணக்கு வைத்திருப்பார்கள். பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன். சாப்பிடும் நேரத்துக்குள் அது பக்குவமாகப் புளித்திருக்கும். பால் பொருளே வேண்டாம், தாவர உணவு மட்டும் போதும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் புளியோதரை, பொடி இட்லி, எண்ணெய் விட்டுப் பிசைந்த சப்பாத்தி, தண்ணீர் வற்ற வதக்கிய தக்காளித் தொக்கு இருக்கவே இருக்கு. சைவப் பயணச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பால் கலக்காததுதான்.

வெறும் சோற்றில் என்ன ஆபத்து?

அரிசியில் 'பேசிலஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். சோறு கொதித்தாலும் அந்த வித்துகள் சாகாது. சோறு வெதுவெதுப்பாக, மூடிய டப்பாவில் மணிக்கணக்கில் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகும். அப்போது வெளிவரும் ஒரு நச்சு, சாப்பிட்ட ஒன்றில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். ஓடும் ரயிலில், நடு ராத்திரியில், குழந்தைக்கு.

இதில் மோசமான விஷயம் இரண்டு. மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. "வாடை ஒண்ணும் வரல, சாப்பிடலாம்" என்று சொல்வது எல்லா நேரமும் சரியாக இருக்காது.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 5 டிகிரியில் இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிக்கு ஏற்ற வெப்பம் என்பது உலக சுகாதார அமைப்பின் பொதுவான அறிவுரை. புளிப்பும் எண்ணெயும் இந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும். அதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் இருக்கும் பாத்திரமும், ஏசி பெட்டியில் இருக்கும் பாத்திரமும் ஒண்ணு இல்லை.

சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆற வைத்துவிட்டுக் கலப்பார்களே, அந்தப் பழக்கத்தை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் முத்து முத்தாக நின்று திரும்பச் சோற்றிலேயே சொட்டும். ஈரத்தைக் குறைக்கப் பட்ட பாடு வீண். சோறும் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பரப்பினால் சீக்கிரம் ஆறும், உதிரியாகவும் இருக்கும்.

ஃபாயிலில் சுற்றலாமா?

சப்பாத்திக்குச் சரி. புளியோதரைக்கு வேண்டாம். புளிப்பான உணவு அலுமினியத்தை மெல்லக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், சட்னி, சாம்பார் மாதிரி புளிப்பானவற்றை அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கு. எவர்சில்வர் டப்பா போதும். தணலில் லேசாக வாட்டிய வாழை இலை இன்னும் நல்லது. வாட்டினால் மடிக்கும்போது கிழியாது, சாப்பிட்டதும் கழுவ வேண்டிய பாத்திரமும் மிஞ்சாது.

அந்த ராத்திரி யாருடையது?

மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு விஷயத்தை எண்ணிக்கையில் காட்டியது. சமையல், துப்புரவு போன்ற சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலைகளில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

பயணத்துக்கு முந்தின நாள் இது இன்னும் மோசமாகும். ஆபீஸ் விட்டு வந்து, பெட்டி கட்டி, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பிறகு புளி கரைக்க உட்கார்ந்தால் மணி 11. ரயில் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுவார்கள். சமைத்தவர் மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருப்பார். "அம்மா எப்பப் பாத்தாலும் தூங்குறா" என்று பேரும் வரும்.

இதில் தப்பிக்க ஒரு வழி இருக்கு. கட்டுச்சாதத்தில் நேரம் பிடிக்கும் வேலை எதுவும் கடைசி ராத்திரி செய்தே ஆக வேண்டியது கிடையாது. புளிக்காய்ச்சலை முந்தின ஞாயிற்றுக்கிழமையே செய்து, ஈரக் கரண்டி படாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி அதைவிட அதிகமாகவே தாங்கும். தக்காளித் தொக்கு நாலு நாள் முன்னாடி போதும். வேர்க்கடலையை மட்டும் புளிக்காய்ச்சலோடு சேர்த்து வைக்காமல் கலக்கும்போது போடணும், இல்லாவிட்டால் நமுத்துப்போகும்.

இப்படி வைத்துக்கொண்டால் கிளம்பும் நாள் காலையில் மிச்சம் இருப்பது குக்கரில் அரிசி வைப்பது, பரப்பி ஆற விடுவது, கலப்பது, டப்பாவில் போடுவது. இதற்குக் கைப்பக்குவம் தேவையில்லை. குக்கர் விசில் எண்ணத் தெரிந்த அப்பாவோ, பிளஸ் டூ படிக்கும் பையனோ செய்துவிடலாம். "நான் கலந்தா நல்லா இருக்காது" என்பது பல வீடுகளில் ரொம்ப வருஷமாகச் செல்லுபடியாகும் சாக்கு. ருசி புளிக்காய்ச்சலில் ஏற்கெனவே இருக்கு, கலக்குபவர் கையில் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை.

வயிறு நிறையும், சத்து?

கலந்த சாதத்தில் பெரிய பங்கு அரிசிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அதே வழிகாட்டி, ஒரு நாளைய கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. மூன்று வேளையும் புளியோதரை, எலுமிச்சை சாதம், இட்லி என்றால் எங்கேயோ போய்விடும். உட்கார்ந்தே இருக்கும் பயணத்தில் சர்க்கரை உள்ளவர்களுக்கு இது உடனே தெரியும்.

இதற்குத் தனியாகச் சமைக்கத் தேவையில்லை. வறுத்த வேர்க்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கு. பொட்டுக்கடலையும் வறுத்த கொண்டைக்கடலையும் கூடச் சேர்ந்தால் சோற்றின் அளவைத் தானாகக் குறைத்துக்கொள்ளலாம். சுண்டல் எடுத்துப் போனால் தேங்காய் போடாமல், முதல் வேளைக்கே. காய்க்கு வெள்ளரி, கேரட். பழத்துக்கு ஆரஞ்சு, கொய்யா, வாழை. வெட்டி டப்பாவில் அடைக்காமல் முழுசாக எடுத்துப்போய் அங்கேயே நறுக்குவது பாதுகாப்பு. சாப்பிடும் வரிசையும் முக்கியம். இட்லியும் தேங்காய் சேர்ந்ததும் முதலில், அப்புறம் எலுமிச்சை சாதம், அப்புறம் புளியோதரை. மறுநாளுக்கு சப்பாத்தி, தொக்கு, பொரி, அவல், கடலை மிட்டாய். ஒரு நாளைத் தாண்டிய எந்தச் சோற்றையும், அது எவ்வளவு புளித்ததாக இருந்தாலும், குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், அதைக் கலக்கத் தேவையான சுத்தமான தண்ணீரும் தனியாக இருக்கட்டும். வாந்தி நிற்காமல் போனாலோ, குழந்தை சோர்ந்து சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ ரயில்வே உதவி எண் 139-ல் அழைத்தால் அடுத்த ஸ்டேஷனில் மருத்துவ உதவி கேட்கலாம்.

திரும்பி வரும்போது?

போகும்போது மூன்று அடுக்கு டிபன் கேரியர், வரும்போது பிஸ்கட் பாக்கெட். நிறைய வீடுகளில் இப்படித்தான் நடக்குது. செய்த புளிக்காய்ச்சலில் பாதியை இறுக்க மூடும் சின்ன பாட்டிலில் எடுத்துப்போய், போன இடத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் திரும்பும் நாளுக்கு ஆகும். சொந்தக்காரர் வீடாக இருந்தால் ரெண்டு டம்ளர் அரிசி வடித்தால் வேலை முடிந்தது. லாட்ஜில் தங்கினால், பக்கத்து ஓட்டலில் வெறும் சாதம் மட்டும் சூடாக வாங்கி, தட்டில் ஆற விட்டுக் கலந்துகொள்ளலாம். பாட்டிலைப் பெட்டிக்குள் படுக்க வைக்காமல், ஒரு பாலிதீன் பையில் சுற்றி நிமிர்த்தி வைக்கணும். நல்லெண்ணெய்க் கறை சட்டையில் பட்டால் லேசில் போகாது.